இடுப்பைப் பார்த்துத் தெருவைச் சொன்னவர்

கடலூரில் இடிந்துபோன கட்டடங்கள் அத்தனைக்கும் சேர்த்து ஒரே ஒரு சொந்தக்காரர்தான் இருந்தார். அவரிடம் பத்திரம் கித்திரம் எதுவும் கிடையாது. இடிந்த கட்டடத்தை யாரும் கண்டுகொள்வதில்லை என்பதால் அவராகவே எடுத்துக்கொண்டார், அவ்வளவுதான். முதுநகரில் அவர் பெயரை யாரிடம் கேட்டாலும் லென்ஸ் பாய் என்பார்கள். தபால்காரரைக் கேட்டாலும் அதேதான்.

லால்பேட்டைக்காரர். கைலி வியாபாரம். மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு கடலூர், பண்ருட்டி, சிதம்பரம் என்று கடை கடையாக ஏறி இறங்குவார். துணியில் இழை நெருக்கத்தைப் பார்க்க வியாபாரிகள் ஒரு சின்ன மடக்கு லென்ஸ் வைத்திருப்பார்கள். மற்றவர்கள் அதைத் துணி பார்க்க வைத்துக்கொண்டார்கள். இவர் ஒரு கடைக்குள் நுழைந்தால் முதலில் சுவரைப் பார்ப்பார். பழைய தெருப் படம் ஏதாவது மாட்டியிருந்தால் கைலி மூட்டை வாசலிலேயே கிடக்கும். முதலாளியின் நாற்காலிமேல் ஏறி நின்று படத்தில் லென்ஸை வைத்துவிடுவார்.

"இது எந்தத் தெருன்னு நெனைக்கிறீங்க?" என்று முதலாளியைக் கேட்பார். முதலாளி தன் தாத்தா கடை வைத்திருந்த தெருவின் பெயரைச் சொல்வார். "இல்ல" என்பார் பாய். சொந்தத் தாத்தா சொந்தக் கடை வாசலில் நிற்கிற படமாக இருந்தாலும் "இல்ல"தான். அன்றைக்கு அந்தக் கடையில் கைலி விற்காது.

அறுபதுகளில் நான் மஞ்சக்குப்பத்தில் ஓர் அலுவலகத்தில் குமாஸ்தா. ஆனால் ஒரு நாள்கூட நான் என்னைக் குமாஸ்தா என்று நினைத்துக்கொண்டதில்லை. பழைய பேப்பர் கடையில் எடைக்கு வந்த ஒரு கட்டுப் புகைப்படங்கள் என் கையில் சிக்கியதிலிருந்து நான் சரித்திர ஆராய்ச்சியாளன். ஒரு வாரப் பத்திரிகையில் 'இது எந்தத் தெரு?' என்று ஒரு பகுதி எழுத ஆரம்பித்திருந்தேன். வாரம் ஒரு படம், அது எந்தத் தெரு என்று என் தீர்ப்பு. கண்ணில் ஒரு குறையும் இல்லாமலே கறுப்பு ஃப்ரேம் போட்ட கண்ணாடி ஒன்று வாங்கி மாட்டிக்கொண்டேன். தலைமுடியைக் கலைத்துவிடுவதற்கென்று தினமும் காலையில் நேரம் ஒதுக்க வேண்டியிருந்தது.

முதுநகரில் துறைமுகத்துக்குப் போகிற தெருவில் கோவிந்தன் டீக்கடை. கடை வாசலில், எப்போதோ இருந்த கட்டடத்தின் மிச்சமாக, ஒரு மொட்டைத் தூண் இடுப்புயரத்துக்கு நின்றது. அதில் ஓர் இரும்பு வளையம். நான் சைக்கிளைத் தூணில் சாத்தி, சங்கிலியை வளையத்தில் மாட்டிப் பூட்டுவேன். பழைய கட்டடங்களைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிய எனக்கு, அந்தத் தூணைப் பற்றித் தோன்றியதெல்லாம் சைக்கிள் நிறுத்த வசதியான இடம் என்பது மட்டுமே.

ஒரு சாயங்காலம் அங்கே உட்கார்ந்து கோவிந்தனுக்கு ஒரு படத்தை விளக்கிக்கொண்டிருந்தேன். கோவிந்தன் கேட்கவில்லை. அதனால் சத்தமாக விளக்கிக்கொண்டிருந்தேன்.

"மாப்ள" என்று பின்னாலிருந்து குரல். "எந்தத் தெருன்னு முடிவு பண்ணிட்டியா?"

"பண்ணிட்டேன். கட்டடக் கலைய வச்சு."

"கட்டடத்த ஏன் பாக்குற? இடுப்பப் பாரு."

என் இடுப்பைத்தான் சொல்கிறாரோ என்று நான் வேட்டியைச் சரிசெய்துகொண்டேன். லென்ஸ் பாய் பெஞ்சில் நெருங்கி உட்கார்ந்து படத்தின்மேல் லென்ஸை வைத்தார். தெருவில் நடந்துகொண்டிருந்த ஆட்களின் இடுப்பை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனார். ஆண்பிள்ளைகளின் இடுப்பை அத்தனை அக்கறையாகப் பார்த்த ஒரு மனிதரை நான் அதற்கு முன்னும் பின்னும் கண்டதில்லை.

விஷயம் இதுதான். எங்கள் பக்கத்தில் வேட்டியானாலும் கைலியானாலும் இந்துக்கள் மேல்தலைப்பு வலப்பக்கம் வரும்படி கட்டுவோம். முஸ்லிம்கள் இடப்பக்கம். சட்டையைக் கழற்றிவிட்டு நின்றாலும் யார் எந்த வீட்டுக்காரர் என்று இடுப்பு சொல்லிவிடும். வாழ்நாள் முழுக்கக் கைலி விற்றவருக்கு அது மற்றவர்களைவிட முன்னாலேயே கண்ணில் பட்டது. ஒரு படத்தில் எந்தக் கட்டு ஜாஸ்தி என்று பார்த்து, அதை வைத்து அது எந்தத் தெரு என்று சொல்வது பாயின் சித்தாந்தம்.

"கட்டடம் இன்னிக்கி இருக்கும், நாளைக்கி இருக்காது மாப்ள. பேர்ப்பலக மாறும், பெயிண்டு மாறும். இடுப்புக் கட்டு மட்டும் மாறாது. அத்தா கட்டுன பக்கந்தான் புள்ளையும் கட்டுவான்."

அவர் வீட்டில் அத்தா என்றால் அப்பா. நான் அலட்சியமாகச் சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். அடுத்த வாரப் பத்திரிகையில் 'மக்களின் உடைவழி வீதி அறியும் முறை' என்று ஒரு முழுப் பத்தி எழுதினேன். அந்த முறையைக் கண்டுபிடித்தவன் நான் என்று எழுதவில்லை. வேறு யாரோ என்றும் எழுதவில்லை. பாய் அதைப் படித்துவிட்டு, "நம்ம விஷயத்த எவ்ளோ கஷ்டமான தமிழ்ல எழுதியிருக்க!" என்று மனசாரப் பாராட்டினார். அன்றிலிருந்து அவர் எனக்கு மாமா.

அவருடைய தீர்ப்புகள் சரியாக இருந்தனவா என்று கேட்டால், என் தீர்ப்புகள் அளவுக்குச் சரியாக இருந்தன. ஒரு படத்தை வைத்து அவர் பள்ளிவாசல் தெரு என்பார், நான் கிறிஸ்தவர் தெரு என்பேன். கடைசியில் அது பாண்டிச்சேரி என்று எவராவது எழுதுவார்கள். ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. தப்பென்று தெரிந்ததும் பாய் சந்தோஷப்படுவார். "அப்ப அந்தத் தெரு இன்னும் பாக்கி இருக்கு!" என்பார். நான் இரண்டு நாள் சாப்பிட மாட்டேன்.

எங்கள் கூட்டணியின் உச்சம் சிதம்பரத்தில் நடந்தது.

என்னிடமிருந்த புகைப்படக் கட்டில் ஒரு கோபுரப் படம் இருந்தது. அகலமான வீதி, ஓரத்தில் தேர், பின்னால் கோபுரம். சிதம்பரத்தில் கோயிலைச் சுற்றி நான்கு வீதி, நான்கு பக்கமும் கோபுரம். எட்ட நின்று பார்த்தால் எதற்கும் எதற்கும் வித்தியாசம் தெரியாது. நான் அதைக் கீழ வீதி என்று அடித்துச் சொல்லி எழுதியிருந்தேன். மேல வீதிக்காரர்கள் சண்டைக்கு வந்துவிட்டார்கள். நேரில் போய் நிரூபித்துவிட்டு வருவது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை பாயையும் கூட்டிக்கொண்டு ரயிலேறினேன்.

கீழ வீதியில் படத்தை எடுத்ததுதான் தாமதம், கூட்டம் சேர்ந்துவிட்டது. "இது மேல வீதி சார், கண்ணு தெரியலையா?" என்றார் ஒருவர். "தெற்கு வீதிங்க, எங்க வூட்டு மாடிதான் இது" என்றார் இன்னொருவர். பாய் லென்ஸை வைத்துப் பார்த்துவிட்டு ஏமாந்துபோனார். "எல்லாம் ஒரே பக்கமா கட்டியிருக்கானுவோ. ஒண்ணும் சொல்ல முடியாது" என்றார். பிறகு ஒரு மூலையில் இடப்பக்கம் கட்டிய ஒரே ஓர் ஆளைக் கண்டுபிடித்துத் துள்ளினார்.

"மாப்ள, இவன் லால்பேட்டக்காரன்! ஊருக்குத் திரும்பிப் போறான். அப்ப இது பஸ்ஸு போற தெரு."

"மாமா, படம் எடுத்தப்ப பஸ்ஸே கெடையாது."

"அப்ப மாட்டு வண்டி போற தெரு."

நான்கு வீதியிலும் நின்று பார்த்துவிடுவது என்று முடிவாயிற்று. முன்னால் நான் படத்தை ஏந்திக்கொண்டு, பின்னால் பாய், அதற்குப் பின்னால் நான்கு கட்சிக்காரர்கள். ஒரு வீட்டு வாசலில் சாமி வருகிறது என்று தண்ணீர் தெளித்தார்கள். வடக்கு வீதியில் பாய் திடீரென்று நின்றார்.

"மாப்ள, இங்க கோபுரத்துக்கு ஏழு நெல. படத்துல அஞ்சுதான் இருக்கு."

"எழுதியிருக்கேனே மாமா. ரெண்டு நெல மரத்துல மறைஞ்சிருக்கு."

பாய் லென்ஸைப் படம் முழுக்க ஓட்டினார். "மரம் எங்க?" என்றார்.

படத்தில் மரமே இல்லை. கூட்டம் என்னை ஒரு மாதிரி பார்த்தது. "இது கும்பகோணத்துப் பக்கம் ஏதோ ஊருங்க" என்று ஒருவர் சொல்லிவிட்டுப் போனார். சிதம்பரத்தின் நான்கு வீதிக்காரர்களும் ஒற்றுமையாகச் சிரித்துக்கொண்டே கலைந்தார்கள். அந்த ஒற்றுமையை ஏற்படுத்திய பெருமை என்னுடையது.

திரும்பும்போது பாசஞ்சர் ரயிலில் நான் ஜன்னலுக்கு வெளியே முகத்தை வைத்துக்கொண்டு வந்தேன். பரங்கிப்பேட்டை தாண்டியதும் பாய் என் முழங்காலைத் தட்டினார்.

"விடு மாப்ள. நான் ஒரு போட்டோவ வச்சிக்கினு காலமெல்லாம் அலையிறேன். அது எந்தத் தெருன்னு எனக்கே தெரியல."

கைலி மூட்டைக்குள்ளிருந்து எண்ணெய்த் தாள் சுற்றி நூல் கட்டிய ஒன்றை எடுத்துப் பிரித்தார். ஒரு கடை வாசல். இரண்டு தூண்கள், ஒரு தூணில் இரும்பு வளையம். தெருவின் இடது கோடியில் பாய்மரக் கம்பங்கள். வலப்பக்கத்து வீட்டு மாடியில் அரைவட்டமாக ஒரு ஜன்னல். கடையின் பேர்ப்பலகை கூரை நிழலில் கறுத்துக் கிடந்தது. வாசலில் ஒருவர் பனியனும் வெள்ளை வேட்டியுமாக, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு நின்றார். முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஈரம் பட்டு வெளுத்திருந்தது.

"யாரு மாமா?"

"எங்கத்தா. நான் தொட்டில்ல கெடக்கும்போதே மவுத்தாயிட்டாரு. எங்கம்மா இந்தப் போட்டோவக் காட்டி, 'இதான்டா ஒங்கத்தா, தொறமொகத்துல துணிக்கட வச்சிருந்தாரு'ன்னு சொல்லுவாங்க. எந்தத் தொறமொகம்னு கேக்குற வயசு வர்றதுக்குள்ள அவுங்களும் போய்ட்டாங்க."

பிறகு, சொல்லாமலே, லென்ஸை அந்த மனிதரின் இடுப்பில் வைத்து என் பக்கம் தள்ளினார். குனிந்து பார்த்தேன். வேட்டித் தலைப்பு வலப்பக்கம் விழுந்திருந்தது.

"பாத்தியா?" பாயின் குரல் இறங்கிவிட்டது. "எங்க வூட்ல சொல்றா, இது ஒங்கத்தா இல்ல, யாரோ செட்டியாருன்னு. லால்பேட்டையில சொந்தக்காரங்க எல்லாம் அதான் சொல்றாங்க. நானே ஊருக்கெல்லாம் இடுப்பப் பாத்துச் சொல்றவன். நான் என்னான்னு மறுத்துப் பேசுறது? ஆனா மாப்ள, அப்ப எங்கம்மா பொய்யா சொன்னாங்க?"

பக்கத்தில் அவர் அந்தப் படத்தை மறுபடி எண்ணெய்த் தாளில் சுற்ற ஆரம்பித்தார். ஏதாவது சொல்லித்தான் ஆக வேண்டும் என்று சொன்னேன்.

"மாமா, கோவிந்தன் கட வாசல்ல என் சைக்கிள் நிறுத்துற தூண்லகூட இதே மாதிரி வளையம் இருக்கு."

"அத மொத நாளே பாத்துட்டேன். தொறமொகத்து ஊர்ல எல்லாத் தூண்லயும் வளையம் இருக்கும். படத்துல கடையப் பாத்து நின்னா பாய்மரம் எடது கைப் பக்கம் தெரியுது. கோவிந்தன் கடையப் பாத்து நின்னா தொறமொகம் சோத்தாங்கைப் பக்கம். தொறமொகம் பக்கம் மாறுமா?"

"மாறாது" என்றேன், ஆராய்ச்சியாளன் ஆயிற்றே.

முதுநகர், பரங்கிப்பேட்டை, காரைக்கால், நாகப்பட்டினம் என்று பாய்மரம் இடது பக்கம் வருகிற தெருவாகப் பார்த்து அவர் தேடியிருந்தார். அடுத்தவர் கடையில் நாற்காலிமேல் ஏறியதெல்லாம் இதற்காகத்தான். எந்தப் படத்திலாவது அந்த அரைவட்ட ஜன்னல் எட்டிப் பார்க்காதா என்று.

நோன்புப் பெருநாளைக்கு வீட்டுக்கு அழைத்திருந்தார். திரைக்குப் பின்னாலிருந்து அவர் மனைவி மைமூன் என்னிடம் வழக்கு வைத்தார்.

"நீங்களாவது சொல்லுங்க தம்பி. கைலி விக்கப் போறேன்னு நாகப்பட்டினம் போனாங்க. ஒரு கைலி விக்கல. அந்த ஊரு தெருவெல்லாம் சுத்திட்டு வந்திருக்காங்க. இருக்குறவுங்களப் பாக்க வேணாமா?"

"மைமூனு, தம்பிக்கு இன்னும் கொஞ்சம் கறி வையி" என்றார் பாய்.

"வைக்கிறேன். அந்தச் செட்டியாருக்கும் வைக்கட்டா?"

பாயின் கை தட்டிலேயே நின்றுவிட்டது. அதற்குமேல் அவர் சாப்பிடவில்லை. நண்பன் என்ற முறையில் நானும் நிறுத்தியிருக்க வேண்டும். பிரியாணி அப்படிப்பட்டது, நிறுத்த முடியவில்லை. ஆனால் அந்த அம்மாள் பேசியது எனக்கும் சுருக்கென்றுதான் இருந்தது. திரைக்கு அந்தப் பக்கம் அவருக்கும் இருந்திருக்க வேண்டும், திரைக்கு அடியிலிருந்து கறிக் கிண்ணம் பாய் பக்கமாக நகர்ந்து வந்தது.

இந்த நிலையில்தான் என் வாழ்க்கையின் மகத்தான நாள் வந்தது. 'இது எந்தத் தெரு?' பகுதிக்குத் தலைப்பில் என் படத்தைப் போடப்போவதாகப் பத்திரிகையிலிருந்து சொன்னார்கள். தலை மட்டும் போதும் என்றார்கள். தலை மட்டும் போட்டால் கரை வேட்டி எப்படித் தெரியும்? திருப்பாதிரிப்புலியூரில் ஒரு ஸ்டுடியோவுக்குப் போய், கஞ்சி போட்டு இஸ்திரி செய்த வேட்டி, சட்டைப் பையில் பேனா, கையில் கடன் வாங்கிய கடிகாரம், கறுப்புக் கண்ணாடி, கலைந்த தலை என்று முழு உருவமாக எடுத்துக்கொண்டேன். தூரத்தில் எதையோ யோசிப்பதாகப் பார்வை. ஸ்டுடியோக்காரர், "சார், உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார்.

இதழ் வந்த அன்று ஒரு கட்டு வாங்கிக்கொண்டு போய், பிரித்துப் பார்க்கக்கூடப் பொறுமையில்லாமல், ஆபீஸ் முழுக்க விநியோகம் செய்துவிட்டு நாற்காலியில் அடக்கமாக உட்கார்ந்தேன். சூப்பரிண்டெண்ட் எழுந்து என் மேஜைக்கு வந்தார். நெற்றிக்கு நேராகக் கையை உயர்த்தினார்.

"அஸ்ஸலாமு அலைக்கும்" என்றார்.

ஆபீஸே சிரித்தது. இதழைப் பிரித்தேன். அச்சுக்குப் பிளாக் செய்தவர் படத்தைத் திருப்பிப் போட்டுவிட்டார். பேனா வலப்பக்கம், கடிகாரம் வலது கையில், எல்லாவற்றுக்கும் மேலாக, முழு உருவமாகத் தெரிய வேண்டும் என்று நான் ஆசைப்பட்ட வேட்டி, இடப்பக்கம் கட்டியிருந்தது. 'உடைவழி வீதி அறியும் முறை' பற்றி ஊருக்கெல்லாம் பாடம் எடுத்திருந்தவன் நான். தமிழ்நாட்டில் வேறு எவன் படம் திரும்பியிருந்தாலும் ஒருவரும் கவனித்திருக்க மாட்டார்கள். என் வாசகர்கள் எல்லாரும் முதலில் இடுப்பைத்தான் பார்த்தார்கள்.

இரண்டாம் நாள் காடாம்புலியூரிலிருந்து என் அம்மா பஸ்ஸேறி, ஒரு பலாப்பழத்தோடு வந்து இறங்கினாள்.

"ஏன்டா, மாறிட்டியாமே? மாறினா மாறு, ஒன் இஷ்டம். எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக்கூடாதா? ஒனக்குப் பாத்திருக்குற பண்ருட்டிப் பொண்ணு வூட்ல கேக்குறாங்க, நான் என்னான்னு சொல்றது?"

இனி அந்தப் பத்திரிகைக்கு எழுதுவதில்லை என்று கொதித்துக்கொண்டு கோவிந்தன் கடைக்குப் போனேன். சைக்கிளை வளையத்தில் பூட்டியபோதே பாயின் குரல் கேட்டது.

"வா வா மாப்ள! நம்ம பக்கம் வந்துட்டியாமே! ஒனக்கு ஒரு கைலி சும்மா தர்றேன்."

இதழை வாங்கி, பெஞ்சில் விரித்து, பழக்க தோஷத்தில் லென்ஸை என் இடுப்பில் வைத்தார். டீ சிந்தச் சிரித்தார். கோவிந்தனும் அடுப்பை விட்டு வந்து சிரித்துவிட்டுப் போனார். பாய் மறுபடி குனிந்தார். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

"மாப்ள, இதுல நிக்கிறது நீதான?"

"நான்தான் மாமா. மூக்கப் பாத்தா தெரியலையா?"

"நீ ஜென்மத்துல எடப்பக்கம் கட்டுனதில்ல."

"இல்ல."

"ஆனா படத்துல கட்டியிருக்க."

"படந்தான் திரும்பிப் போச்சே! அந்த அச்சாபீஸ்காரன்..."

நான் அச்சாபீஸ்காரனைத் திட்டிக்கொண்டே இருந்தேன். பாய் அங்கே இல்லை. கோவிந்தன் கடைக்குள் வாடிக்கைக்காரர்கள் தலை வாரிக்கொள்ள ரசம் போன கண்ணாடி ஒன்று தொங்கும். அதன் முன்னால் போய் நின்று இதழை உயர்த்திப் பிடித்திருந்தார். கண்ணாடிக்குள் என் பேனா சரியான பக்கம் வந்திருந்தது. வேட்டி ஒழுங்காக வலப்பக்கம் கட்டியிருந்தது. எனக்கு இன்னும் உறைக்கவில்லை. "பாருங்க மாமா, இப்படித்தான் போட்டிருக்கணும்" என்று அவருக்கு விளக்கினேன்.

அவர் இதழைக் கீழே போட்டுவிட்டு மூட்டைக்குள் கையை விட்டார். எண்ணெய்த் தாளைச் சுற்றிய நூலை அவசரத்தில் தப்பான முனையில் இழுத்து முடிச்சை இறுக்கிவிட்டார். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அந்தக் காலத்தில் கண்ணாடித் தகட்டில்தான் படம் பிடிப்பார்கள். தகட்டை முன்பின் மாற்றி வைத்து அச்சிட்டால் இடம் வலமாகிவிடும். எனக்கு நடந்தது அவர் அத்தாவுக்கும் நடந்திருக்கலாம். நூலை நான் அவிழ்த்தேன்.

பாய் படத்தைக் கண்ணாடிக்கு நேரே பிடித்தார். லென்ஸை எடுத்தார், வைத்தார், மறுபடி எடுத்தார். "எனக்குக் கண்ணு மறைக்குது மாப்ள. நீ பாரு" என்று லென்ஸை என்னிடம் கொடுத்துவிட்டார்.

நான் என் கறுப்பு ஃப்ரேம் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தேன். ஒரு படத்தை நான் ஒழுங்காகப் பார்த்தது அன்றைக்குத்தான்.

"எந்தப் பக்கம்?"

"எடப்பக்கம் மாமா."

"நல்லாப் பாத்துச் சொல்லு."

"எடப்பக்கந்தான் கட்டியிருக்காரு."

"பாய்மரம்?"

"சோத்தாங்கைப் பக்கம்."

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வாசலுக்கு வந்தோம். தெருவில் இறங்கி, கடையைப் பார்த்து நின்றோம். வலது கைப் பக்கம் தெருக்கோடியில் துறைமுகம். இடது கைப் பக்கம் அரிசி மண்டி. நாங்கள் அந்த மண்டியின் மாடியை அதுவரை அண்ணாந்து பார்த்ததே இல்லை. ஜன்னலை எப்போதோ செங்கல் வைத்து அடைத்துப் பூசியிருந்தார்கள். ஆனால் பூச்சுக்கு அடியில் அரைவட்டம் அப்படியே புடைத்துத் தெரிந்தது. நடுவில் மொட்டைத் தூண். வளையம். வளையத்தில் என் சைக்கிள்.

"சைக்கிள எடு மாப்ள" என்றார் பாய்.

சட்டைப் பையில் சாவியைத் தேடினேன். கிடைக்கவில்லை. பதற்றத்தில் வலப்பக்கம் தேடிக்கொண்டிருக்கிறேன், அங்கே பையே கிடையாது. ஒரு வழியாகத் திறந்து சைக்கிளை நகர்த்தினேன். பாய் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து மறுபடி இறுக்கிக் கட்டிக்கொண்டு, தூணுக்குப் பக்கத்தில் அவர் அத்தா நின்ற இடத்தில் போய் நின்றார். தூணின் தலையில் உள்ளங்கையை வைத்தார். ஊரில் இருக்கிற தெருவையெல்லாம் தேடிவிட்டு, தினமும் டீ குடித்த இடத்தில் வந்து நிற்கிறோமே என்று அவர் சிரிப்பார் என்றுதான் நான் எதிர்பார்த்தேன்.

"எங்கம்மா பொய் சொல்லல மாப்ள" என்றார். முகத்தைத் துடைத்துக்கொள்ளவில்லை. எனக்கும் அழுகை வந்துவிட்டது. கோவிந்தன், யாருக்கு என்ன ஆயிற்று என்று தெரியாமல், இரண்டு பேருக்கும் டீ கொண்டுவந்து வைத்தார்.

மறுநாள் மைமூனை அழைத்து வந்தார். வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு அந்த அம்மாள் டீக்கடைக் கண்ணாடி முன்னால் நின்று படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "மாமனாரு நல்லாத்தான் கட்டியிருக்காரு" என்றார், அவ்வளவுதான். வெளியே வந்தவர் துப்பட்டி முனையால் தூணின் மேலிருந்த தூசியைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, இனிமே சைக்கிள வேற எங்கயாவது நிறுத்துங்க."

நிறுத்தினேன். எதிர்ப்பக்கம் புளிய மரத்தில் சாத்தினேன். காக்கை எச்சம் ஜாஸ்தி.

இதற்குப் பிறகு லென்ஸ் பாய் கொஞ்சம் அடங்கியிருப்பார் என்று நீங்கள் நினைத்தால் அவரை உங்களுக்குத் தெரியாது. மூட்டையில் லென்ஸோடு ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியும் சேர்ந்துகொண்டது. எந்தப் படத்தைக் காட்டினாலும் நேராகப் பார்த்து ஒரு தெரு, கண்ணாடியில் பார்த்து இன்னொரு தெரு என்று இரண்டு தெருப் பெயர் சொன்னார். முன்பு பாதிதான் தப்பாக இருந்தது. என் பகுதியில் நானும் இரண்டையும் எழுதினேன்.

படத்தைச் சரியான பக்கம் திருப்பிப் போட்டு வருத்தமும் தெரிவிப்பதாகப் பத்திரிகையில் சொன்னார்கள். வேண்டாம் என்றேன். அம்மா கோபித்துக்கொண்டாள். பண்ருட்டிப் பெண் வீட்டார் என் இடுப்பை நேரில் வந்து பார்த்துத் திருப்திப்பட்டுத்தான் பெண் கொடுத்தார்கள். கல்யாணத்துக்கு பாய் ஒரு டஜன் கைலி கொண்டுவந்தார். மாப்பிள்ளைக்கு வேட்டி கட்டிவிட வந்தவர்களிடம், "வலப்பக்கம், வலப்பக்கம்" என்று சத்தம் போட்டுக்கொண்டே நின்றார்.

இப்போது கோவிந்தன் கடையும் இல்லை, தூணும் இல்லை, பாயும் இல்லை. இந்தப் பக்கத்தின் தலைப்பில் இன்றைக்கும் அந்தப் படம்தான் வருகிறது. கலைத்துவிட முடி அன்றைக்குத்தான் இருந்தது. பேனா ஏன் வலப்பக்கம் இருக்கிறது, வேட்டி ஏன் அந்தப் பக்கம் போகிறது என்று வாசகர்கள் கேட்கிறார்களாம். இந்த வாரமாவது திருப்பிப் போட்டுவிடட்டுமா என்கிறார் ஆசிரியர். அப்படியே இருக்கட்டும் என்று சொல்லியிருக்கிறேன். லென்ஸ் பாய் எங்கிருந்தாவது பார்த்தால் என்னை அடையாளம் தெரிய வேண்டாமா?